மாடிப்படிக்குப் பக்கத்து மேசை

“தாத்தா, நல்ல வக்கீல் எந்த ரூம்ல இருப்பாங்க?” என்று அந்தக் குழந்தை கேட்டது. ஆறு வயதிருக்கும். நீதிமன்றத் தகவல் மேசையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். நான் அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன். என் இழுப்பறையில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்கும், வக்கீலம்மா. கோர்ட்டுக்கு வருகிற குழந்தைகள் பசியோடுதான் வருகின்றன.

பக்கத்தில் அதன் அம்மா நின்றாள். கொளுத்துகிற வெயிலில் முழுக்கை ரவிக்கை. ஏனென்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் மனம் நோகும்படி எதையும் கேட்பவன் அல்ல நான்.

மாடிக்குக் கை காட்டியிருந்தால் உங்களிடம் வந்திருப்பாள். கீழ்த்தளத்துக் கோடி அறையைக் காட்டினேன். அங்கே இருக்கிற வயதான வக்கீலைப் பற்றிக் கேண்டீனில் சொல்வது உங்களுக்கும் தெரியும்: “அவர்கிட்ட கேஸைக் குடுத்தா பேரன் வந்துதான் தீர்ப்பு வாங்கணும்.” எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் அவரிடம்தான் அனுப்புவேன். வாய்தா மேல் வாய்தா வாங்கி, அலைந்து, கால் ஓய்ந்து, அந்தப் பெண்கள் வீட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இப்படி எத்தனை குடும்பங்களை ஒட்டவைத்தேன் என்பது நான் தினமும் கும்பிடுகிற கடவுளுக்குத் தெரியும்.

இவள் திரும்பவில்லை. “அவர் ‘பொறுத்துப் போம்மா’ன்னு மட்டும்தாங்க சொல்றாரு. பொறுத்துப் போறதுக்கு வக்கீல் எதுக்குங்கய்யா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் மேசையைத் தாண்டி மாடி ஏறினாள். எனக்குக் கோபம் வந்ததென்று எழுதிவிடாதீர்கள். வருத்தம், அவ்வளவுதான். கையிலிருந்த பேனா மூடி உடைந்துபோயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

நீங்கள் கெட்டிக்காரி. உடனே பாதுகாப்பு உத்தரவு வாங்கினீர்கள். அவளையும் குழந்தையையும் வேறு வீட்டில் குடிவைத்தீர்கள். விலாசத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்றும் சொன்னீர்கள். அவள் என்னிடம் சொன்னாள். “வக்கீலம்மா மூச்சு விடக் கூடாதுன்னாங்க. நீங்க என்ன வேத்தாளா? பாப்பா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா, ஒரு நாள் வாங்கய்யா.” ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு நம்பிக்கை. சின்ன அன்பை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பிறகு அவள் புருஷன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. என் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதான். “ஒரே ஒரு தடவை அவகிட்ட பேசிட்டாப் போதும், பெரியவரே.” ஓர் ஆண் அழுவதை உங்கள் சட்டப் புத்தகம் எங்கே கணக்கில் எடுத்துக்கொள்கிறது? எந்தத் தெரு, எந்த வீடு, குழந்தை எப்போது பள்ளிக்கூடம் போகும் என்பதையெல்லாம் சொன்னேன். தனியாகப் பேசட்டுமே என்றுதான் கடைசி விவரத்தைச் சொன்னேன்.

மறுநாள் அவள் அந்த வீட்டுப் படிக்கட்டின் அடியில் உயிரில்லாமல் கிடந்தாள். தவறி விழுந்தாள் என்று அவன் சொன்னான். இல்லையென்று சொல்ல ஆளில்லை. விடுதலையானான்.

பிடித்து வைத்திருந்தபோது, விலாசம் எப்படிக் கிடைத்தது என்று போலீஸ் அவனை அடித்துக் கேட்டது. தானே பின்தொடர்ந்து கண்டுபிடித்ததாகச் சொன்னான். என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. நீங்களும் அதே கேள்வியோடு இந்தக் கட்டடம் முழுக்க அலைந்தீர்கள். தினமும் என்னைத் தாண்டிப் போனீர்கள், நான் வணக்கம் சொன்னேன். அவன் வாயைத் திறந்திருந்தால் என் கதி என்ன? அதற்கு நான் அவனுக்குக் கடன்பட்டவன்.

அதோடு விட்டீர்களா? குழந்தையைச் சித்தியிடம் ஒப்படைத்தீர்கள். அப்பன் கிட்டே வரக் கூடாதென்று இன்னோர் உத்தரவு. ஒரு வீட்டை உடைக்க எத்தனை உத்தரவுதான் வேண்டும் உங்களுக்கு?

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். சித்தி வரத் தாமதமானது. குழந்தை என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தது. அங்கே காத்திருந்த அப்பனைக் கண்டதும் பேச்சு நின்றது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விரலாக, வலிக்காமல்தான் பிரித்தேன். அந்தக் கையை அவன் கையில் வைத்தேன். சந்தில் ஈ காக்கை இல்லை. என் கடன் தீர்ந்தது.

குழந்தை அழுததா என்று கேட்கிறீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, வக்கீலம்மா. ஒரு குடும்பம் ஒன்று சேரும்போது அடுத்தவர் நின்று பார்ப்பது நாகரிகமில்லை.