மாத்திரைக்குக் கட்டிய கயிறு

கயிறு கட்டிய மூன்றாம் நாள், காலை பத்து இருபதுக்கு மகனுக்கு வலிப்பு வந்ததாம். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் என் மகளின் சீட்டோடு நான் நின்ற வரிசையில், முன்னால் இருந்த தேவனாம்பட்டினத்து அம்மா தன் மகனைப் பற்றி நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடிய நிறுத்தக் கோயில்ல கயிறு கட்டுவாங்கல்ல, அவன் தூக்க மாத்திரைய நிறுத்தவும் அப்பிடியே கட்டிவுட்டேன். மிச்ச மாத்திரையெல்லாம் கடல்ல கொட்டிட்டேன்.”

“மீனாவது நல்லா தூங்கியிருக்கும், அண்ணி.”

“சிரிக்காதடி. ஒரேயடியா நிறுத்தக் கூடாதாம், கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணுமாம். இப்ப டாக்டரு என் கையாலயே அளந்து குடுக்கச் சொல்றாரு. பழையபடி பசிக்குதுன்னு அவன் வந்து நின்னா போதும்.”

டாக்டர் அறையிலிருந்து அவர் மகன் வந்தான். மணிக்கட்டில் கயிறு அப்படியே இருந்தது.

“இந்த வாரத்துலேர்ந்து அரை மாத்திரை கம்மிம்மா. கேன்டீன்ல இட்லி இருக்குமா?”