பனிப்பெட்டியை விட்டு எழாத பெருமாட்டிக்கு

வின்டர்போர்ன் ராணுவக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமை மருத்துவ உதவியாளர் திருமதி லொரெட்டா குவிம்பி அவர்களுக்கு, அணிப் பணியாளர்கள் அளிக்கும் பிரியாவிடை மடல்.

பிசகிய தோளுக்குப் பெருந்துணையே, முறிந்த முழங்காலுக்கு முதல் மருந்தே, பொய்வலிக்காரரைப் பார்வையாலேயே எழுப்பி ஓடவிடும் பேராற்றலே, வணக்கம்.

அலுவலகம் ஒப்புதல் அளித்த வாழ்த்து வேறு. அதில் தங்கள் நேரந்தவறாமை மூன்று இடங்களில் புகழப்பட்டிருந்தது. கடிகாரத்துக்கு எழுதியதைத் தங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் போலும். அந்தத் தாளை ஆடும் மேசைக்கால் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தளவாட அறைக் காப்பாளனாகிய நான் இதை வாசிக்கிறேன். கோபத்தைக் குறைத்து எழுது என்றார்கள் தோழர்கள். குறைத்ததுதான் இது.

ஆகஸ்டு வெயிலில் மயங்கி விழுந்தவர்களை நிழலுக்கு இழுத்தீர்கள். நவம்பர்க் குளிரில் விறைத்த விரல்களை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினீர்கள். தலையில் அடிபட்டவன் மறுபடி களமிறங்காதிருக்க அவனுடைய தலைக்கவசத்தைப் பறித்து ஒளித்தீர்கள். வீரம் பேசும் பிள்ளைகளிடம் வாதாடிப் பயனில்லை, கவசத்தை எடுத்துவிட்டால் போதும் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த வழி. இருபத்தாறு ஆட்டப் பருவங்கள் அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை. நாம் தோற்றுக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ.

இந்தப் பருவத்தில் நாம் வென்றுகொண்டே வந்தோம். அதுதான் வினை. கடற்படைக் கல்லூரியோடு கடைசி ஆட்டம், ஆட்டத்தை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் ஐசக் பெல்லமி தலைகீழாக விழுந்தான், எழுந்தான், சிரித்தான். “போன வாரம் யாரோட ஆடினோம் கண்ணா?” என்று கேட்டீர்கள். அவன் தன் பள்ளிக்கூடக் காலத்து எதிரணியின் பெயரைச் சொன்னான். தாங்கள் அவன் கவசத்தைக் கழற்றிப் பனிப்பெட்டிக்குள் போட்டு, மூடி, மேலே அமர்ந்தீர்கள்.

பயிற்சியாளர் ஸ்ட்ரௌட் பாய்ந்து வந்தார். “லொரெட்டா, ஹெல்மெட் எங்க?”

“பத்திரமா இருக்கு.”

“பெட்டிக்குள்ள என்ன?”

“ஐஸு. நெத்தியில கொஞ்சம் வைக்கட்டுமா? ரொம்பச் சூடா இருக்கீங்க.”

கல்லூரித் தலைவராம் தளபதியே படியிறங்கி வந்தார். “மேடம், எந்திரிங்க. இது உத்தரவு.”

“நான் உங்க படையில இல்லீங்க ஐயா. அதோட என் முட்டிக்கு நாலு பேர் கைகொடுத்தாத்தான் எந்திரிக்க வரும். கூப்பிடுங்க பார்ப்போம்.”

அணியே வானத்தை ஆராய்ந்தது. மாற்றுக் கவசம் கொண்டுவா என்று என்னை விரட்டினார்கள். தேடினேன், ஆட்டம் முடியும்வரை தேடினேன். என் மந்தபுத்தி ஊரறிந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மூன்று புள்ளிகளில் தோற்றோம். தோற்றவர் பாட்டை இரு அணியும் முதலில் பாடும் வழக்கப்படி நம் கல்லூரிப் பாட்டு எழுந்தது. நான்காண்டு நாள்தோறும் பாடிய பாட்டு; ஐசக்குக்கு இரண்டாம் அடி வரவில்லை. பக்கத்தில் நின்ற தளபதி அதைப் பார்த்தார். மூளையில் ரத்தக் கசிவு என்று மருத்துவமனை சொன்னதையும், இன்னொரு அடி விழுந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதையும் கேட்டார். அத்தனையும் கேட்டபிறகுதான், தாங்கள் ஒத்துழைக்காதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார். அடுத்த பருவம் முதல் கவசங்கள் பயிற்சியாளர் பொறுப்பில், யார் ஆடலாம் என்பதும் அவர் முடிவு என்று உத்தரவும் போட்டிருக்கிறார். ஐயா, முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள், காதில் விழுகிறதல்லவா.

தங்கள் மீதும் கோபம் உண்டு, அம்மா. சண்டையிடாமல் அந்த வெளியேற்றத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். “விடுடா, பையன் பொழச்சிட்டான்ல” என்றீர்கள். பிழைத்தது ஒருவன். ஆகஸ்டில் புதுப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், ஒவ்வொருவனும் ஒரு தலையோடு.

அலுவலகம் தங்களுக்குக் கடிகாரம் தருகிறது. நாங்கள் அந்தப் பனிப்பெட்டியைத் துடைத்து, நாடா கட்டித் தருவதாக இருந்தோம். மன்னியுங்கள், தரமாட்டோம். அது களத்தோரத்தில் எங்களுக்கு வேண்டும். உட்கார முறை வைத்துக்கொண்டுவிட்டோம். முதல் ஆட்டத்தில் என் முறை. என் உடம்பைத் தாங்கள் அறிவீர்கள். என்னை எழுப்ப நாலு பேர் போதாது.

முட்டிவலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காமல், எங்களைத் திட்டும் குரல் தேயாமல் நெடுங்காலம் வாழ்க.

அன்பும் ஆத்திரமும் குறையாத,
அணிப் பணியாளர்கள் அனைவரும்.

உடன் கையொப்பம்: ஐசக் பெல்லமி. பாட்டின் இரண்டாம் அடி இப்போது நினைவிருக்கிறதாம்.