ஸர்கூன் காய்ச்சிய சவுக்காரம்

கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள், தம்பி. சாப்பாடு வர இன்னும் கொஞ்ச நேரமாகும். சவுக்காரம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் நுரை நன்றாக வரும். கடைச் சவுக்காரமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

செத்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா மகன் ஸர்கூன். அவன் பையன்கள் நூரக், ஸமரய். கடைக்குட்டிப் பெண் தோர்பெக்கய். குண்டு போட்டது வெளிநாட்டு விமானம். இதை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேறொன்று கேட்டீர்கள். இந்த ஹெல்மந்து மாகாணத்தில் இத்தனை வீடு இருக்க, ஏன் அந்த வீடு என்று. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. இந்த ஊர்த் தலைவன் நான். என் அப்பாவும் தலைவர், அவருடைய அப்பாவும் தலைவர்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். சுவர் மெல்லியது.

வெளிநாட்டுக்காரர்கள் பல வருஷம், அபின் எடுக்கிற எங்கள் கசகசா வயல் வழியாகத்தான் நடந்து போனார்கள். பூவை நின்று பார்த்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அபின் காய்ச்சுகிறவர்கள் வீட்டில் ஆட்டுக்கறி தின்றார்கள், தேநீர் குடித்தார்கள். பிறகு ஒருநாள் அவர்கள் நாட்டில் யாரோ பெரிய மனிதர் முடிவு செய்தார், அபின் காசுதான் எதிரியின் துப்பாக்கிக்குத் தீனி போடுகிறது என்று. உடனே விமானம் வந்தது. விமானத்துக்கு எங்கே போட வேண்டுமென்று யாராவது சொல்ல வேண்டுமே. அதைச் சொல்கிற வேலை மாகாணத் தலைநகர் லஷ்கர்காவிலிருந்த ஜீலானி என்ற அதிகாரிக்குக் கிடைத்தது.

ஜீலானியின் மச்சானுக்கே அபின் காய்ச்சும் கொட்டில் இருந்தது. அவனுக்கு மேலே உள்ளவர்களுக்கும் இருந்தது. எனக்கும் ஒன்று, சின்னதாக, ஆற்றோரத்தில். இதில் எதையும் எரிக்க முடியாது. எல்லாம் வேண்டியவர்களுடையது. அதற்காக விமானம் சும்மா திரும்பிப் போகுமா?

ஜீலானி ஒருநாள் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து சொன்னான்.

"ஹாஜி, அவங்களுக்கு ஏதாவது எரியணும். படம் எடுத்து ஊருக்கு அனுப்பணும். உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா உங்க கொட்டிலைத்தான் காட்ட வேண்டி வரும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

மரியாதையாகத்தான் சொன்னான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஸர்கூன் முன்பெல்லாம் எங்களைப்போல கசகசா போட்டவன்தான். அதே வெளிநாட்டிலிருந்து வேறொரு கூட்டம் வந்தது, அபினை விடுங்கள் என்று கெஞ்சுகிற கூட்டம். அவர்கள் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய ஒரே ஆள் அவன். பீப்பாய்கள் கொடுத்தார்கள், சோடாக்காரம் கொடுத்தார்கள், வீட்டிலேயே ஆட்டுக் கொழுப்பில் சவுக்காரம் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார்கள். ஊரே சிரித்தது. பள்ளிவாசல் படியில் அவனை மடக்கி, "என்ன ஸர்கூன், ஊரையே வெளுக்கப் போறியா?" என்று கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்புறம் சிரிப்பு குறைந்தது. ஒவ்வொருவராகக் கொழுப்பை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றார்கள். அடுத்த விதைப்பில் சில வயல்களில் கோதுமையும் சீரகமும் முளைத்தன. எனக்கு வர வேண்டிய அபின் பால் அந்த அளவுக்குக் குறைந்தது. அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் சித்தப்பா மகன் என்றாலே பாதிப் பகையாளி. தண்ணீர்ப் பங்கு, வரப்பு, சபையில் யார் முதலில் உட்காருவது என்று பிறந்ததிலிருந்து ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் நிற்கும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் முறை என்பதால் என்னை லாலா என்றுதான் கூப்பிடுவான்.

"லாலா, அந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சுட்டு என்கூட வந்துடுங்க. எனக்குக் கொடுத்த பீப்பாய்ல பாதியை உங்களுக்குத் தர்றேன். நான் கத்துத் தர்றேன், ஒண்ணும் கஷ்டமில்லை."

அன்பாகத்தான் சொன்னான். அவனுக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. ஊர் முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை இரண்டு தரம் கழுவினேன்.

ஜீலானி மறுபடி வந்தபோது, ஸர்கூன் வீட்டைப் பற்றி அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பீப்பாய் இருக்கா என்றான், இருக்கு என்றேன். சோடாக்காரம் மூட்டை மூட்டையாக வருதா என்றான், வருது என்றேன். ராத்திரி பகல் அடுப்பு எரியுதா, நாற்றம் அடிக்குதா என்றான். ஆமாம் என்றேன். அபின் காய்ச்சுகிற கொட்டிலுக்கும் இதே அடையாளங்கள்தான். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. உள்ளே என்ன காய்ச்சுகிறார்கள் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்பானேன், அவன் வீட்டிலேயே ஸர்கூனின் சவுக்காரம்தானே. பீப்பாயின் பக்கவாட்டில் வெளிநாட்டு எழுத்துகூட அழியாமல் இருந்தது. ஆனால் பீப்பாய் கொடுக்கிறவர்களும் குண்டு போடுகிறவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

கடைசியாக இன்னொன்றும் கேட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

குண்டு விழுந்தது விடியற்காலையில். ஸர்கூனின் மனைவி குல்மகய் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வாய்க்காலுக்குப் போயிருந்தாள். அதனால் அவள் மட்டும் மிஞ்சினாள். காய்ச்சி வைத்திருந்தது எல்லாம் உருகி வாய்க்காலில் இறங்கி, அன்று முழுவதும் ஊரின் தண்ணீர் நுரைத்துக்கொண்டே போனது. போதைமருந்து ஆலை ஒன்று அழிக்கப்பட்டது என்று வானொலியில் சொன்னார்கள்.

உடல்களைக் கழுவ நான்தான் போனேன். நெருங்கிய சொந்தம் நான்தானே. எரியாமல் கிடந்த சவுக்காரக் கட்டி ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டேன். முல்லா தடுத்துவிட்டார். இவர்கள் தியாகிகள், தியாகிகளைக் கழுவக் கூடாது, அப்படியே அடக்கம் செய்ய வேண்டும் என்றார். அந்தக் குழந்தையின் முகத்தையாவது கழுவ விடுங்கள் என்று நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன், தம்பி. என்னை விலக்கிக் கூட்டிப்போனார்கள்.

ஆண் துணை இல்லாதவளை நெருங்கிய சொந்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது எங்கள் வழக்கம். குல்மகயை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. என் மனைவி அவளைக் கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருக்கிறாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளறுகிற சத்தம் கேட்கிறதல்லவா, அவள்தான். சவுக்காரம் காய்ச்சுவதை மட்டும் அவள் விடவில்லை. நீங்கள் கை கழுவியது அவள் கைப்பாகம்தான்.

ஜீலானியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். "ராத்திரி அங்க யாராவது தூங்குறாங்களா? பொம்பளைங்க, குழந்தைங்க?" என்று கேட்டான். வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கட்டாயம் கேட்கச் சொல்லியிருந்தார்களாம். "அந்த நாத்தத்துல யாருங்க தூங்குவாங்க?" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியுமா? குண்டு போடுவதாக ஜீலானி சொன்ன ராத்திரி அவர்கள் சங்கீன் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தது. வண்டிகூடச் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தோர்பெக்கய்க்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பயணத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரியும். குழந்தைக்குச் சூப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து என் மனைவிதான் சொன்னாள். நான் செல்போனைக் கையில் எடுத்தேன். ஜீலானியின் எண் இருந்தது, சிக்னலும் இருந்தது. இந்நேரத்தில் மனுஷனைத் தொந்தரவு செய்வானேன் என்று திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு தொழுதேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

சோறு வருகிறது. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

குல்மகய் இப்போதும் எப்போதாவது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள். "லாலா, எங்க வீட்டை யாரு காட்டிக் கொடுத்திருப்பாங்க?" என்று. யாரோ ஒரு பாவிம்மா என்பேன். அதிலும் பொய் இல்லை, தம்பி.