இரண்டாவது இருமல்

சத்தம் என்றாலே எனக்கு ஆகாது, ஐயா. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒலிப்பதிவுகளைச் சோதித்துச் சான்று தருகிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும்.

முதல் பதிவைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு பெண்ணின் போனில் பதிவானது. ஜன்னலோரம் நின்று தன் அண்ணனுக்குக் குரல்செய்தி பேசிக்கொண்டிருந்தாள். தொடக்கத்திலேயே ஒரு தடவை இருமினாள். குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வாசலுக்குப் போன அவள் கணவனைப் போலீஸ் சுட்ட சத்தமும் அதில் பதிவாகிவிட்டது. முதலில் வெடிச்சத்தம். பிறகுதான் "நில்லு" என்ற குரல்.

சுட்டவர் என் தங்கையின் கணவர். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.

ஊரே இரண்டுபட்டிருந்தது. எச்சரித்தாரா இல்லையா என்று டி.வி.யில் தொண்டை கிழியக் கத்தினார்கள். தங்கை சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

"அண்ணா, அவர் ஜெயிலுக்குப் போனா நானும் பிள்ளைங்களும் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

பதிவைத் திறந்தேன். "நில்லு"வை வெட்டி வெடிச்சத்தத்துக்கு முன்னால் வைத்தேன். வெட்டிய இடத்தைச் சும்மா விட முடியாது. வெறும் அமைதியைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் அதே பதிவின் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் அறையின் பின்னணிச் சத்தம் எடுத்து அடைத்தேன்.

நான் சான்று கொடுத்த பதிவை டி.வி.யில் போட்டார்கள். ஊர் அடங்கியது. மாப்பிள்ளை மறுபடி வேலையில் சேர்ந்தார். அன்று அவர் வீட்டில் சாப்பாடு.

"இனிமேலாவது முதல்ல கத்துங்க மாப்பிள்ளை, அப்புறம் சுடுங்க. எனக்கு வேலை மிச்சம்."

"உத்தரவு, மச்சான்" என்று சல்யூட் அடித்தார். எல்லோரும் சிரித்தோம். தங்கைகூட.

பிறகு அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். நான் ஒரு தடவைதான் இருமினேன். டி.வி.ல ரெண்டு தடவை இருமுறேன். உங்க மிஷின்ல ஏதாவது கோளாறா?"

அடைத்த சத்தத்தோடு சேர்ந்து வந்து, அவசரத்தில் நான் கவனிக்காத இருமல்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார் சார் நம்புவாங்க? பைத்தியம்னுவாங்க. நீங்கதான் காது கொடுத்துக் கேக்கறீங்க."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அலுவலகப் பிரதியை ஏற்கெனவே மாற்றிவிட்டேன்; அண்ணனுக்கு அந்தச் செய்தியை அவள் அனுப்பவே இல்லை; மிச்சமிருந்த ஒரே அசல் அவள் போனில்தான் இருந்தது. சோதிப்பதாக வாங்கி, அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போய் போனைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே. எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுவாள் என்று மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் இந்த இரண்டாவது பதிவு, அந்த நிறுத்தத்துக் கடையின் கேமராவில் விழுந்தது. முழுவதும் கேட்டேன். பஸ் இரைச்சல். "நில்லு" என்ற குரல். அதற்குப் பிறகுதான் வெடிச்சத்தம். நடுவில் ஒரே ஒரு இருமல்.

இதில் என் கை படவே இல்லை, ஐயா. சுத்தமான பதிவு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.