எண்பது கிலோ

— காட்டாதீங்க டாக்டர். உங்க கணக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் தனியாப் போட்ட பிறகுதான் ஒத்துப் பார்க்கணும்.

— சிஸ்டர், நாலாம் பெட்டுக்குப் பிரஷர் எழுபதுல நிக்குது. நீங்க பரீட்சை ஹால் மாதிரி பேப்பரை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க.

— நீங்க வாயை மூடியிருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன். பிரஷரை ஏத்துற மருந்து, கிலோவுக்கு, நிமிஷத்துக்குப் பத்து மைக்ரோகிராம். சிரிஞ்சுல ஒரு எம்எல்லுக்கு நாலாயிரம். எனக்கு மணிக்கு எட்டு புள்ளி நாலு எம்எல் வருது. உங்களுக்கு?

— பன்னிரண்டு.

— என்ன ஒரு தாராள மனசு.

— நீங்க அறுபதால பெருக்க மறந்திருப்பீங்க.

— அதை மறந்தா புள்ளி பதினாலுதான் வரும் மகராசா. எடை எவ்வளவு போட்டீங்க?

— எண்பது. அட்மிஷன் ஃபார்ம்ல இருக்கு.

— நான் அம்பத்தாறு. பெட் தராசுல இப்பத்தான் பார்த்தேன். மேல கிடந்த ஆக்சிஜன் சிலிண்டர், போர்வை எல்லாத்தையும் எடுத்துட்டுப் பார்த்தேன்.

— அந்தத் தராசு பழுது.

— ஆமாமா. ஃபார்ம்தான் பழுதே ஆகாது, அதுல பேட்டரி இல்லையே.

— நல்லா வாட்டசாட்டமான மனுஷன் சிஸ்டர் அவரு.

— யாரு, இவரா? மணிக்கட்டைப் பார்த்தீங்களா? என் வாட்சைக் கட்டினா முழங்கை வரைக்கும் ஏறும். இதயம் ஏற்கனவே நூத்தி முப்பதுல ஓடுது. பன்னிரண்டுல விட்டா அது தறிகெட்டுத் துடிக்கும். அப்புறம் நீங்களும் நானும் மாத்தி மாத்தி நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருப்போம்.

— சரி, எட்டு புள்ளி நாலே வைங்க.

— பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டா போதுமா? அம்பத்தாறை வெச்சு நீங்களே திரும்பப் போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— ...எட்டு புள்ளி நாலு.

— வெச்சாச்சு. பம்ப் ஓடுது. இப்பச் சொல்லுங்க, அந்த எண்பதைச் சொன்ன மேதாவி யாரு?

— மகன்.

— கண்ணால பார்த்துச் சொன்னானா, கனவுல கண்டு சொன்னானா?

— பார்த்து மூணு வருஷம் ஆச்சு. அப்ப எண்பது இருந்தாரு.

— ரொம்பப் பாசக்காரப் பிள்ளை. வெளியே உட்கார்ந்திருக்கானா? கூப்பிடுங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லணும்.

— வெளியே இல்ல. அவர் என் அப்பான்னு முன்னாடியே சொல்லியிருந்தா, என்னை அந்த பெட் பக்கமே விட்டிருக்க மாட்டீங்க சிஸ்டர்.