நாற்பத்தேழு டிகிரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காந்தத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாகச் சுங்கை பட்டாணிப் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் கற்பித்துக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் ஆய்வு எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத காந்த வட்டுகள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சில நூறு நிற்கும். சூட்டில் ஒவ்வொன்றின் காந்தமுனையும் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஆறவிட்டால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒன்றையொன்று இழுத்து, எல்லாம் சட்டென்று ஒழுங்குக்கு வரும். அந்த நிலைமாற்றம் நாற்பத்தேழு டிகிரியில் நடக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். அதை வைத்துத்தான் பேராசிரியர் ஆனேன், ஜப்பானுக்குப் போனேன், கழுத்துக்கு ஒரு டையும் வாங்கினேன்.

ஷாமளா என் ஆய்வு மாணவி. பாலிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட். அம்மா பிச்சையம்மாள் பால்மரம் சீவிப் படிக்கவைத்தவர். ஒரு மத்தியானம் ஷாமளா என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"சார், வட்டு தானா திரும்பல லா. நாப்பத்தேழுல ஹீட்டர் கரண்ட் மாறுது. அந்தக் கரண்ட்தான் திருப்புது. ஹீட்டர் சுவிட்ச அடைச்சிட்டு, ஆற ஆற அளந்தேன். ஒண்ணுமே நடக்கல."

"எத்தன தடவ அளந்த?"

"முப்பத்தோரு தடவ சார்."

நான் ஏழு தடவைதான் அளந்திருந்தேன். அதிலும் பிடிக்காத இரண்டை விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது சரி என்று அங்கேயே புரிந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் நான் காந்தம் கற்றுக்கொண்ட ஒரே நாள் அதுதான். "நல்லா செஞ்சிருக்கம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் வகுப்பெடுக்கப் போயிருந்தபோது அவளுடைய கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லை அவளே தந்திருந்தாள். முப்பத்தோரு அளவீடுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற முப்பதின் மீதும் அதையே பதிந்தேன். கடைசித் தசமம் வரை எண்கள் ஒன்றாக இருந்தால் போலி என்று யாருக்கும் தெரியும். பிறகு ஒழுங்குக் குழுவுக்கு வருத்தத்தோடு ஒரு கடிதம் எழுதினேன். வருத்தம் சரியாக அமைய மூன்று வரைவுகள் தேவைப்பட்டன.

குழுவின் முன் அவள் அழவில்லை. "நான் செய்யல" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்பினாள் போலும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து அவளுடைய பெயரை நீக்கினார்கள். பிச்சையம்மாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார்.

"ஐயா, எம் மக பொய் சொல்லமாட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க."

அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன். போகும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இப்போது வெளிநாட்டில் மூன்று ஆய்வகங்கள் முயன்றும் என் நாற்பத்தேழு டிகிரி வரவில்லையாம். ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஷாமளா ஏதோ ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள் என்று கேள்வி. அவள்மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். இத்தனை நாளில் நல்ல வேலைக்கு என்று என்னிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் நல்லபடியாக எழுதிக் கொடுத்திருப்பேன்.