பதினாலாம் நம்பர் பெட்டி

— என் பேர் வில்னெர். வயசு முப்பத்தொண்ணு. மாவோ ஊர்ல, ஆத்துக்கு இந்தப் பக்கம் அதே வாழைத் தோட்டத்துலதான் இன்னும் இருக்கேன். அம்மா, நல்லா இருக்கியா? கால் வீக்கம் வத்திருச்சா? மினூஷ், தங்கச்சி, நீ வாசிக்கிறியா, இல்ல கோயில் வீட்டு அக்கா வாசிக்கிறாங்களா? யாரா இருந்தாலும் நிறுத்தி வாசிங்க, வேகமா வாசிச்சா அம்மாவுக்குக் கோவம் வரும். அம்மா, ஏன் குரல்ல பேசி அனுப்ப மாட்டேங்கிறேன்னு போன வாரமும் கேட்டிருந்தே. தொண்டை கட்டியிருக்கும்மா. அதான் ஃபோன்கிட்ட மெதுவா சொல்றேன், அது எழுதிக்குது. தம்பி ஒல்ரிச்சும் நல்லா இருக்கான், அவன் தனியா எழுதுவான். அப்புறம்—

— வில்னெர்! டேய் வில்னெர்! எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டே?

— இங்கதான் யோகாஸ்தாக்கா, பெட்டி அடுக்குற மூலையில. தப்பா எடுத்துக்காதீங்க, சாப்பாட்டு நேரம்தான். வேலை நேரத்துல நான் ஃபோனைத் தொடவே மாட்டேன்.

— உன்னை வேவு பாக்கவா சந்தியாகோ டவுன்லேர்ந்து இந்த வெயில்ல காரை ஓட்டிக்கிட்டு வந்தேன்? எந்திரி. கேளு, கேளு. ஹாம்பர்க்லேர்ந்து பதில் வந்துருச்சு.

— திருப்பி அனுப்பிட்டாங்களா?

— ஏன்டா உன் வாயில நல்லதே வராதா? சித்தி! மிரேயா சித்தி! அடுப்பை அணைச்சிட்டு இங்க வாங்க, இவனை முன்னாடி வெச்சுத்தான் சொல்லணும்.

— வர்றேன்டி, வர்றேன். இவன் சோத்தையும் எடுத்துக்கிட்டு வர்றேன். காலையிலேர்ந்து ஒரு காப்பிதான் குடிச்சிருக்கான் என் ராசா. இந்தா, அடிப்பிடிச்ச சோறு, உனக்குப் பிடிக்கும்னு சுரண்டி மேல வெச்சிருக்கேன். ம், சொல்லு. என்னவாம் ஜெர்மன்காரனுக்கு?

— ஆயிரத்து எண்பது பெட்டியும் நல்லபடியா போய்ச் சேந்துருச்சு. அதுல இருநூறு பெட்டியைத் திறந்து பாத்திருக்காங்க. பழம் பரவாயில்ல, அங்கங்க கறுத்திருக்கு, முதல் தடவைன்னா அப்படித்தான் இருக்கும். ஆனா நீ அடுக்கின, பதினாலாம் நம்பர் முத்திரை குத்தின பெட்டி பதினெட்டு இருந்துச்சாம். பதினெட்டுலயும் ஒரு பழத்துல ஒரு கீறல் இல்ல. "யார் அந்தப் பதினாலு?"ன்னு வாங்குறவர் கேட்டு எழுதியிருக்கார்.

— எதுக்குக் கேக்குறார்? குடியேற்ற ஆபீஸுக்கு எழுதிடுவாரா?

— கன்னி மரியே! பாராட்டினாலும் நடுங்குறானே இந்தப் பிள்ளை! சாப்பிடுடா.

— நீ அந்தச் சீப்பையெல்லாம் எப்படி வெக்கிறேன்னு அவருக்குத் தெரியணுமாம். நம்ம சங்கத்துல மத்த ஆறு தோட்டத்துலயும் சொல்லித் தரச் சொல்றார். சொல்லு, நான் எழுதிக்கிறேன்.

— அதுல ஒண்ணும் இல்லக்கா.

— ஒண்ணும் இல்லாததையே சொல்லு.

— வீட்டுல நாங்க அஞ்சு பேரும் ஒரே பாயிலதான் படுப்போம். ஒருத்தன் முதுகு வளையுற இடத்துல அடுத்தவன் வயிறு. நடுவுல ஒருத்தன் புரண்டா எல்லாரும் முழிச்சுக்குவோம். அதனால யாருமே புரள மாட்டோம். சீப்பையும் அப்படித்தான் படுக்க வெக்கிறேன். கடைசி வரிசையை யாரும் அமுக்கக் கூடாது, அதுவா உள்ள இறங்கணும். அப்புறம் ஓரத்துக்குத்தான் கனமான சீப்பு. வண்டி குலுங்கினா அடி அங்கதானே படும். எங்க வீட்லயும் கதவு ஓரத்துல அண்ணன்தான் படுப்பான். குளிர் காத்து மொத்தமும் அவன் முதுகுலதான்.

— அண்ணனா? நீதானே வீட்டுக்கு மூத்தவன்? படிவத்துல அப்படித்தானே சொன்னே?

— அது... ஆமா. பெரியப்பா பையன். அண்ணன் முறை. அப்படித்தானே சொல்லுவாங்க?

— யோகாஸ்தா, பிள்ளை சாப்பிடட்டும்டி. ஆறிப்போனா கல்லு மாதிரி ஆயிரும்.

— சாப்பிடட்டும், யார் வேணாம்னா? இன்னும் பெரிய சேதியைச் சொல்லவே இல்ல. வியாழக்கிழமை சோதனை பண்ண ஆள் வர்றாங்க. அது முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு ஒரு கன்டெய்னர், ரெண்டு வருஷத்துக்கு. நடுவுல எந்தக் கம்பெனியும் கிடையாது. ஏழு தோட்டமும் சொந்தப் பேர்ல நேரா ஐரோப்பாவுக்கு. மூணு வருஷமா இதுக்காகத்தான் நான் நாயா அலையுறேன்.

— யம்மா! நெஜமாவாடி?

— நெஜம் சித்தி. பதினாலு யாருன்னு நான் பேரை எழுதினதும் இதையும் அனுப்பியிருக்காங்க, இதோ பாருங்க. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் இந்த மாதிரி ஒரு அட்டை வெக்கணுமாம். வாங்குறவங்களுக்கு அனுப்புறவங்க முகம் தெரியணுமாம். இந்த இடத்துல ஃபோட்டோ. கீழ, "இந்தப் பழங்களை அடுக்கியவர், வில்னெர் தோர்சைன்வில்". உன் பேரை எவ்வளவு அழகா அச்சடிச்சிருக்கான் பாரு.

— அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அட்டை வேணாம்.

— ஏன்? ஃபோட்டோவுக்கு வெக்கமா? புதுச் சட்டை நான் வாங்கித் தர்றேன், முடிஞ்சுது போ.

— சட்டை இல்லக்கா. மிரேயாம்மா ஃபோட்டோ போடுங்க. இல்ல பக்கத்துத் தோட்டத்து எலிஜியோ மாமாவோடது.

— எலிஜியோ மாமா மூஞ்சியைப் பாத்தா ஜெர்மன்காரன் வாழைப்பழமே திங்க மாட்டான். உன்னோடதுதான் கேட்டிருக்காங்க.

— அந்தப் பேர் என்னோடது இல்லக்கா.

— என்ன சொல்றே?

— ராசா, வேணாம். இப்ப வேணாம்.

— இல்ல மிரேயாம்மா, சொல்லிடுறேன். அக்கா, என் பேர் ஒல்ரிச். நீங்க நகல் எடுத்தீங்களே வேலைக் கார்டு, அது எங்க அண்ணனோடது. வில்னெர் எங்க அண்ணன். ரெண்டு பேருக்கும் முகம் ஒரே அச்சு. காது மட்டும்தான் வேற, தொப்பி போட்டா தெரியாது. எனக்கு இந்த நாட்டுல ஒரு காகிதமும் கிடையாது.

— எத்தனை நாளா?

— பதினொரு மாசம்.

— சித்தி. உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டே என் கையால அந்தப் படிவத்தை நிரப்ப விட்டீங்க?

— எனக்கு என்னடி தெரியும் ஐரோப்பாவைப் பத்தி? பட்டியல்ல பேரை மாத்தலைன்னா பிள்ளைக்கு என் தோட்டத்துல ஒரு வேலை. மாத்தினா அவனை வண்டியில தூக்கிப் போட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்ருவாங்க. நான் மாத்தலை. அவ்வளவுதான். என்னைத் திட்டு.

— திட்டி என்ன பண்ண? கேளுங்க, ரெண்டு பேரும் கேளுங்க. எலிஜியோ மாமா ரெண்டு பசு மாட்டை வித்துதான் கை கழுவுற தொட்டி கட்டினார். ரமோனா வீட்டுல கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டு இந்தக் கொட்டகைக்கு சிமென்ட் தரை போட்டாங்க. காயம் பட்ட பழம்னா அங்க விலையைக் குறைப்பாங்க, அவ்வளவுதான். வேலையாள் பட்டியல்ல ஒரு பொய்ப் பேர் இருந்துச்சுன்னா நேரா அனுப்புற சான்று முத்திரையே போயிரும். ஏழு தோட்டத்துக்கும் போயிரும்.

— நான் இப்பவே போயிடுறேன்க்கா. பொட்டி படுக்கைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு பைதான்.

— உக்காரு! யாரு உன்னைப் போகச் சொன்னா? யோசிக்க விடு... வியாழக்கிழமை ஒரு நாள்தான். கார்டுல இருக்கிற முகம்தான் உனக்கும் இருக்கு. தொப்பியைக் கீழ இழுத்து விட்டுக்கிட்டு நில்லு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு...

— மாட்டேன்க்கா.

— என்ன மாட்டே? உனக்காகத்தான்டா சொல்றேன்!

— தெரியும். நீங்க என்மேல எவ்வளவு பாசமா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா என்னால முடியாது. இங்க நாலு பேர் என்னை வில்னெர்னு கூப்பிடுறதே ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல இடிக்குது. அந்தப் பேர் ஆயிரம் வீட்டுக்குள்ள போகப் போகுது. யாரோ ஒரு அம்மா அட்டையை எடுத்து சின்னப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுவாங்க, "வில்னெர் அடுக்கினது"ன்னு. வேணாம்க்கா. அவன் பேரை நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சது போதும்.

— அழாதே ராசா. யோகாஸ்தா, ஏதாவது சொல்லேன்டி.

— சரி. முடிஞ்சுது போ, பொய் வேணாம். இன்னிக்கே நானே ஹாம்பர்க்குக்கு எழுதுறேன். பட்டியல்ல ஒரு பேர் தப்பா இருந்துச்சு, நாங்களே கண்டுபிடிச்சோம், நாங்களே திருத்துறோம்னு.

— ஒத்துக்குவாங்களா?

— தெரியாது. சோதனையைத் தள்ளி வெக்கலாம். போதும்னு விட்டுட்டும் போகலாம். எழுதுறதுக்கு முன்னாடி ஏழு வீட்டுக்கும் நானே நேர்ல போய்ச் சொல்லுவேன். எலிஜியோ மாமா என்மேல கத்துவார், கத்தட்டும். நீ இன்னிலேர்ந்து பெட்டியைத் தொடாதே. உன் பிறப்புச் சீட்டு எங்க இருக்கு?

— ஊர்ல. அம்மாவோட தகரப் பெட்டியில.

— அதை வரவழை. வந்ததும் சித்தி உன்னை உன் சொந்தப் பேர்ல எழுதிக்கிட்டு அனுமதிக்கு மனு போடட்டும். நாள் ஆகும், அலையணும், கூட நான் வர்றேன்.

— அதுவரைக்கும் என் வீட்டுலயே இருக்கட்டும். எவன் வந்து என் வாசல்ல கை வெக்கிறான்னு பாக்குறேன்.

— இன்னொண்ணு. உங்க அண்ணன் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுக்கணும்னா, வேலையை விட்டு நின்னுட்டேன்னு அவன் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு வேணும். எங்க போயிட்டான் அவன்? சிலிக்கா? பிரேசிலுக்கா? உங்க ஊர்ப் பசங்க எல்லாம் அங்கதானே ஓடுறாங்க. நம்பர் குடு, நான் பேசுறேன்.

— யோகாஸ்தா!

— என்ன சித்தி? இப்ப நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? ஏன் ரெண்டு பேரும் தரையைப் பாக்குறீங்க? ஒல்ரிச், உங்க அண்ணன் எங்கடா?

— சொல்றேன்க்கா. ஆனா உங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தருக்குச் சொல்லணும். பதினொரு மாசமா சொல்லாம வெச்சிருக்கேன். முதல்ல அவங்களுக்குத் தெரியட்டும், அப்புறம் உங்களுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.

— இல்லடா. இல்ல, தப்பா எடுத்துக்கலை. நான்... நாங்க வெளிய மரத்தடியில நிக்கிறோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வாங்க சித்தி.

— சோத்தை மூடி வெச்சிருக்கேன் ராசா. பயப்படாம சொல்லு. கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்.

— சரி மிரேயாம்மா... அய்யோ. ஃபோன் இவ்வளவு நேரமும் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாங்க பேசினது, மிரேயாம்மா சாப்பிடுன்னு கத்தினது, எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கு. அழிச்சிடலாம்னு பாத்தேன். அழிக்கலை. அப்படியே போகட்டும்.

என் பேர் ஒல்ரிச். வயசு இருபத்திரெண்டு. மாவோவுல இருக்கேன். அம்மா, என்னை அனுப்புறப்ப நீ பஸ்கிட்ட நின்னுக்கிட்டு, "அண்ணனைப் பாத்துக்கோ, அவன் எல்லாருக்கும் செய்வான், அவனுக்குன்னு செய்யத் தெரியாது"ன்னு சொன்னே. நான் பாத்துக்கிட்டேன்மா. அவன் சட்டையைத் துவைச்சேன், காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வெச்சேன். போன ஜூன் மாசம் மழையில, பாலத்துக்கிட்ட அவன் பைக் சறுக்கிடுச்சு. மறுநாள் விடியறப்ப போயிட்டான். தனியாப் போகலை, என் கை அவன் கையிலதான் இருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டுதான் அனுப்பினோம். மிரேயாம்மா அவங்க சொந்தக்காரங்களுக்குச் செய்யுற மாதிரி ஒன்பது நாளும் செபம் வெச்சாங்க, இஞ்சி டீ குடுத்தாங்க, இங்க வேலை செய்யுற நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் வந்தாங்க. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கல்லறை. தினமும் வேலை முடிஞ்சு போற வழிதான்.

அதுக்கப்புறம் வில்னெர் பேர்ல வந்த லெட்டர் எல்லாம் நான் சொன்னதும்மா. தொண்டை கட்டலை. குரல்ல பேசினா உனக்குத் தெரிஞ்சிரும், அதான். உனக்காகத்தான் மறைக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது மட்டும் இல்ல. அவன் பேர்ல ஒவ்வொரு வாரமும் பேசினா அவன் இருக்கிற மாதிரி இருந்துச்சு.

மினூஷோ, கோயில் வீட்டு அக்காவோ, இதை வாசிக்கிறது யாரா இருந்தாலும் சரி. தகரப் பெட்டியில எங்க ரெண்டு பேர் சீட்டும் ஒண்ணா மடிச்சு இருக்கும், என்னோடதை மட்டும் எடுத்து அனுப்புங்க. அது நாளைக்கு. இன்னிக்கு, வாசிச்சு முடிச்சதும் உடனே எந்திரிச்சுப் போயிடாதீங்க. எங்க அம்மாகூடக் கொஞ்ச நேரம் உக்காந்திருங்க.